நாகப்பட்டினம் – பினாங்கு: அன்று கப்பலில் ஒரு வாரம், இன்று வானில் நாலு மணி நேரம்

 

தமிழ்நாடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? நம் பள்ளி மாணவன் ஒருவனைக் கேட்டால், "நாலு மணி நேரம்தான் சார், பிளேன்ல ஏறினா போயிடலாம்" என்பான். அவனுடைய தாத்தாவைக் கேட்டால், "கப்பல்ல ஒரு வாரம் ஆகும் தம்பி" என்பார். தாத்தாவின் அப்பா உயிரோடு இருந்தால், "வந்தா திரும்பிப் போக முடியாத தூரம்பா" என்று சொல்லியிருப்பார். மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். கடல் சுருங்கிவிடவில்லை. நாகப்பட்டினமும் பினாங்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனாலும் தூரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அது எப்படி என்பதை ஆண்டு வாரியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது வெறும் பிரயாணக் கணக்கு அல்ல. பேராக் மாநிலத்தில் பால்மரக் காட்டை நம்பி வாழ்ந்த ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தின் சரித்திரமும் இந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கிறது.

தூரத்தை நாமே அளப்போம்

முதலில் ஓர் உலக வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம் வடக்கு அட்சரேகை ஏறத்தாழ 10¾ பாகையிலும், பினாங்கு ஏறத்தாழ 5½ பாகையிலும் இருக்கின்றன. கிழக்கு மேற்காகப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே 20½ பாகை இடைவெளி உண்டு. இந்த அட்சரேகைப் பகுதியில் கிழக்கு மேற்காக ஒரு பாகை என்பது சுமார் 110 கிலோமீட்டர். ஆகவே கிழக்கு நோக்கி 2,255 கிலோமீட்டர். தெற்கு நோக்கி ஐந்தேகால் பாகை, அதாவது சுமார் 585 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வைத்து, கணித வகுப்பில் படித்த பைத்தகோரஸ் விதியைப் போட்டுப் பாருங்கள். விடை சுமார் 2,330 கிலோமீட்டர் வரும். நம் தோட்டத்துப் பேச்சில் சொன்னால் ஏறக்குறைய 1,450 கட்டை. கப்பற்காரர் கணக்கில் சுமார் 1,260 கடல் மைல்.

ஐரோப்பாவில் இதே அளவு தூரத்துக்கு உதாரணம் வேண்டுமானால், லண்டனிலிருந்து கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தைச் சொல்லலாம். அதுவும் சுமார் 2,390 கிலோமீட்டர்தான். அங்கே இடையில் பல நாடுகள், மலைகள், ரயில் பாதைகள் இருக்கின்றன. நமக்கோ இடையில் இருப்பதெல்லாம் வங்காள விரிகுடாவும் அந்தமான் கடலும்தான். பாதி வழியில் இறங்கி நின்று மூச்சு வாங்க முடியாத தூரம் நம்முடையது.

காற்றை நம்பிய காலம்

இந்தக் கடலைத் தமிழன் முதன்முதலில் கடந்தது வெள்ளைக்காரன் கப்பலில் அல்ல என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. முதலாம் இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சோழன் தானமாகக் கொடுத்த செய்தி செப்பேட்டில் இருக்கிறது. அடுத்து வந்த முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தின்மேல் படையெடுத்தான். கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலம். அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்த பழைய கோயில் அடித்தளங்கள் இந்திய வணிகர், சமயம் இவற்றின் தொடர்புக்குச் சாட்சி.

அந்தக் காலத்துக் கப்பலுக்கு இயந்திரம் ஏது? காற்றுதான் இயந்திரம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்கே வருவார்கள். வடகிழக்குக் காற்று அடிக்கும்போது மேற்கே திரும்புவார்கள். காற்று மாறும் வரை துறைமுகத்தில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். அக்காலத்தில் தூரம் என்பது மைல் கணக்கல்ல, மாதக் கணக்கு. 1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் கொடி ஏற்றிய பிறகு, சோழ மண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களும் மற்றவர்களும் பாய்க்கப்பலில்தான் அங்கே வந்து கடை போட்டார்கள்.

நீராவிக் கப்பலும் கங்காணியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்குக் காத்திருக்கும் வேலை முடிந்தது. மாதம் என்பது நாளாகக் குறைந்தது. இந்தக் கடலில் பெரும்பாலும் ஓடியவை பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பல்கள். வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடி – கொழும்பு வழியில் எதிர்த்து நின்றதும் இதே கம்பெனியைத்தான்.

ஆனால் வேகம் கூடியதால் மட்டும் ஏழைக்குத் தூரம் குறைந்துவிடவில்லை. ஒப்பந்தக் கூலியாக வந்தவர், தமக்குச் செலவழித்த பணம் கழியும் வரை முதலாளியை விட்டு அசைய முடியாது. அந்த முறைக்கு மலாயாவில் 1910இல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஓங்கி நின்றது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணி தம் சொந்த ஊருக்கே போய், சொந்தபந்தங்களையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்து வருவார். 1907இல் குடியேற்ற நிதி ஒன்று ஏற்பட்டது. தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிமார் எல்லாரும் அதில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து கப்பல் சத்தம் கொடுக்கப்பட்டது. வருகிறவர் கையிலிருந்து டிக்கெட்டுக்குக் காசு போகவில்லை. ஆனால் திரும்பிப் போவதற்கான காசை அவரே தேட வேண்டியிருந்தது. ஆகவே வருகிற தூரம் ஒன்று, போகிற தூரம் இன்னொன்று என்றாகிவிட்டது.

நாகப்பட்டினத்திலும், சென்னைக்கு அருகே ஆவடியிலும் குடியேற்ற முகாம்கள் இருந்தன. அங்கே சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, உடம்பைப் பரிசோதித்துக் கப்பல் ஏற்றுவார்கள். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க ஆழம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் ஏறி, அலையில் ஆடிப்போய், கப்பலில் ஏற வேண்டும். கிராமத்தை விட்டு வெளியே போகாத பெண்கள், இடுப்பில் குழந்தையோடு அந்தப் படகில் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாருங்கள்!

ராஜுலாவும் ரோனாவும்

நம் பெரியவர்கள் வாயில் இன்றும் நிற்கும் பெயர் ராஜுலா. "ராஜுலாவுல வந்தவங்க நாங்க" என்று பெருமையாகச் சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. இந்தக் கப்பல் 1926இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கட்டப்பட்டது. எடை 8,478 டன். இதன் சகோதரிக் கப்பல் ரோனாவும் அதே ஆண்டில் கட்டப்பட்டதுதான். இரண்டும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடின. போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972 முதல் போர்ட் கிள்ளான். ராஜுலாவில் வகுப்புப் பிரயாணிகளுக்கு அறைகள் உண்டு. மற்றவர்களுக்கு டெக்குதான். ஐயாயிரம் பேர் வரை டெக் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது.

மறுபடியும் கணக்குக்கு வருவோம். கப்பல் ஒன்று மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 1,260 கடல் மைலைக் கடக்க 105 மணி நேரம், அதாவது நான்கு நாளும் ஒன்பது மணி நேரமும் ஆகும். சென்னையில் ஏறியவருக்கு நாகப்பட்டினம் வரை இன்னும் அரை நாள், அங்கே ஆளும் சரக்கும் ஏற்றும் நேரம் ஒரு நாள் என்று சேர்த்தால் ஆறு நாளைத் தொடும். கடல் கொந்தளித்தால் ஏழு. "ஒரு வாரம்" என்று தாத்தா சொன்னது சரியாக வருகிறதா, இல்லையா?

கப்பல் நேர்கோட்டிலும் போக முடியாது. வழியில் பெரிய நிக்கோபார் தீவு குறுக்கே நிற்கும். அதன் தென்முனைக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் நடுவே இருக்கும் கடல்வழியாக நுழைந்து மலாக்கா நீரிணைக்கு வர வேண்டும். டெக்கில் பாய் விரித்துப் படுத்து, கடல் மயக்கத்தில் வாந்தி எடுத்து, கொடுத்த சோற்றைத் தின்று, நாலைந்து இரவுக்குப் பிறகுதான் பினாங்கு மலை கண்ணில் படும்.

அந்த டெக்கில் ஒரு நல்லதும் நடந்தது. ஊரில் ஒரே தெருவில் நடக்க விடாத சாதிக் கட்டுப்பாடு, நெருக்கியடித்த கப்பல் தளத்தில் அப்படியே நிற்க முடியவில்லை. ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே தளம். அடியோடு மறைந்தது என்று சொல்வதற்கில்லை. லயத்திலும் அது தொடர்ந்தது. ஆனாலும் முதல் விரிசல் கடலில் விழுந்தது. 1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. கப்பலில் வந்து பினாங்கில் இறங்கி, நம் ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் இதே கடலைக் கடந்து வந்தவர்கள்தாம்.

ரோனாவின் முடிவு சோகமானது. இரண்டாம் உலகப் போரில் அது படைக்கப்பலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1943 நவம்பர் 26ஆம் நாள், மத்தியதரைக் கடலில் அல்ஜீரியக் கரையோரம், ஜெர்மானிய விமானம் வீசிய குண்டால் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் போர்வீரர்கள் மாண்டார்கள். நம் பாட்டிமார் பாய் விரித்துப் படுத்திருந்த அதே தளம் உலகச் சரித்திரத்தில் இப்படி இடம் பெற்றது.

பினாங்கிலிருந்து பேராக்குக்கு

பினாங்கில் இறங்கியதும் பயணம் முடிந்ததா என்றால், இல்லை. கப்பலில் அம்மையோ வாந்திபேதியோ கண்டால் எல்லாரையும் ஜெரஜாக் தீவுக்குக் கொண்டுபோய்த் தனிமையில் வைப்பார்கள். வீட்டுக்கு வந்தும் வாசலிலேயே நிற்பது போன்ற தவிப்பு அது. அதன் பிறகு கடலைத் தாண்டிப் பிறைக்கு வந்து, அங்கிருந்து ரயில்.

மலாயாவின் முதல் ரயில் பாதையே பேராக்கில்தான் போடப்பட்டது. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் சுமார் எட்டுக் கட்டை தூரம். ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோக அது போடப்பட்டது. 1909இல் பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் தொடர்ந்து ஓடத் தொடங்கியது. பாகான் செராய், தைப்பிங், கோலாகங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ, தாப்பா ரோடு, சுங்கை, சிலிம் ரிவர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கங்காணியின் பின்னால் ஒரு கூட்டம் இறங்கும். இன்று சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுக்கும் ஈப்போ ரயில் நிலையக் கட்டடம் 1917இல் முடிந்தது. அதன் வெள்ளைத் தூண்களுக்கு இடையே மூட்டை முடிச்சோடு நடந்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. ஸ்டேஷனிலிருந்து தோட்டத்துக்கு மாட்டு வண்டி, இல்லாவிட்டால் நடை. பிறகு லயத்தில் ஓர் அறை. விடிந்தால் பெரட்டு. கோலாகங்சாரில் 1877இல் நட்ட சில ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய அந்தக் காடு, இத்தனை பேரையும் கடல் கடந்து இழுத்துக்கொண்டது.

தந்தியும் பதினாறாம் நாளும்

தூரத்தை நாளாகச் சொல்லிவிட்டோம். அதை மனத்தால் அளப்பது எப்படி? இப்படி நினைத்துப் பாருங்கள். ஊரில் அப்பா இறந்துவிட்டார் என்று தோட்டத்து ஆபீசுக்குத் தந்தி வருகிறது. கிராணி படித்துச் சொல்கிறார். மகன் உடனே புறப்படுவதானாலும் கப்பல் தினமும் கிடையாது. கப்பல் வரும் நாள் வரை காத்திருக்க வேண்டும். பிறகு ரயில் ஒரு நாள், கடலில் நாலைந்து நாள், நாகப்பட்டினத்திலிருந்து கிராமத்துக்கு இன்னொரு நாள். கருமாதிக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. டிக்கெட்டுக்குப் பணம் எங்கே? 1930இல் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி ஆணுக்கு 40 காசு, பெண்ணுக்கு 32 காசு என்று குறைக்கப்பட்டது. அந்தக் கூலியில் ஊருக்கு மணியார்டர் அனுப்புவதே பெரும்பாடு.

அதனால் என்ன செய்தார்கள்? ஆற்றங்கரையில் உட்கார்ந்து இங்கேயே மொட்டை போட்டார்கள். இங்கேயே பிண்டம் வைத்தார்கள். மறுநாள் காலையில் பால் வெட்டப் போனார்கள். நம் தோட்டங்களில் எத்தனையோ பேர் தாய் தகப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது நாகப்பட்டினத்துக் கடற்கரையில்தான். இது எந்த வரைபடத்திலும் எழுதப்படாத தூரம்.

கடல் அடைபட்ட ஆண்டுகள்

கப்பல் ஓடினாலும் கடல் சில சமயம் அடைபட்டுப் போகும். அந்த ஆண்டுகளை மாணவர்கள் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, 1930. உலகப் பொருளாதாரச் சரிவில் ரப்பர் விலை விழுந்தது. ஆட்களை அழைத்து வருவது நிறுத்தப்பட்டது. வந்தவர்களையும் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேலானோர் அப்படிப் போனார்கள். முன்பு காசில்லாமல் போக முடியாதிருந்தவர்களை, இப்போது வேலையில்லை என்று இலவசமாக அனுப்பினார்கள்!

இரண்டாவது, 1938. கூலிக் குறைப்பு முதலிய காரணங்களால், உதவிப் பணத்தில் தொழிலாளர் மலாயாவுக்குப் போவதை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி ஆள் சேர்ப்பது அதோடு நின்றது.

மூன்றாவது, 1941 டிசம்பர். ஜப்பானியர் வந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஈப்போவும் அவர்கள் கையில். மூன்றரை ஆண்டுக்கு மேல் ஊருக்குக் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ரயிலில் அடைத்துச் சயாம் – பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் எத்தனையோ பேர் நோயாலும் பட்டினியாலும் மடிந்தார்கள். ஊருக்குப் போகக் கப்பல் கிடைக்காதவர்களுக்குச் சாவதற்கு ரயில் கிடைத்தது.

நான்காவது, 1953. புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நினைத்தபோது ஊருக்குப் போய், நினைத்தபோது வரும் காலம் முடிந்தது.

ஐந்தாவது, 1969. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் அமலானது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலருக்கு இடி விழுந்தாற்போல் ஆயிற்று. இருபது, முப்பது ஆண்டுகள் இந்த மண்ணில் பால் வெட்டியவர்கள், 1957க்குப் பிறகு விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை வாங்கத் தெரியாமல், அல்லது வாங்க முடியாமல் இருந்தவர்கள், பல்லாயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். ஒரே வீட்டில் அப்பாவுக்குச் சிவப்புக் கார்டு, பிள்ளைக்கு நீலக் கார்டு. சில குடும்பங்கள் அப்படியே இரண்டாகப் பிரிந்தன. இந்த முறை தூரத்தை உண்டாக்கியது கடல் அல்ல, ஒரு துண்டுக் காகிதம். இந்தப் பாடத்தைக் கட்டுரையின் கடைசியில் மறுபடியும் பார்ப்போம்.

கப்பலின் கடைசிக் காலம்

போருக்குப் பின்னும் ராஜுலா ஓடியது. ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் என்ற இந்தியக் கப்பலும் இவ்வழியில் வந்தது. ராஜுலா கிட்டத்தட்ட 47 ஆண்டுகள் உழைத்து, 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதன் பிறகு வந்தது எம்.வி. சிதம்பரம். அது முதலில் 1966இல் பாஸ்தர் என்ற பெயரில் ஓடிய பிரெஞ்சுக் கப்பல். ராஜுலாவைவிட வேகமானது, வசதியானது. ஊருக்குப் போகிறவர்கள் சட்டி பானை, சைக்கிள், பிஸ்கட் டின், பிளாஸ்டிக் வாளி என்று வீட்டையே கட்டிக்கொண்டு போன காலம் அது. வரும்போது அம்மி, வெண்கலக் குடம், ஊறுகாய் ஜாடி. விமானத்தில் அம்மி கொண்டுவர முடியுமா?

1985 பிப்ரவரியில் நடுக்கடலில் எம்.வி. சிதம்பரம் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தார்கள். அதோடு இந்தக் கடல்வழியில் பிரயாணிக் கப்பலின் காலமும் முடிந்தது. அதே 1985இல்தான் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளத்தில் தீவையும் பெருநிலத்தையும் அது இணைத்தது. ஒரே ஆண்டில் பழைய வழி ஒன்று மூடியது, புதிய வழி ஒன்று திறந்தது.

வானவழி வந்த கதை

1919 ஆகஸ்டு 25ஆம் நாள் லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே தினசரி விமானப் பிரயாணம் தொடங்கியது. சுமார் 340 கிலோமீட்டரைக் கடக்க இரண்டரை மணி நேரம் ஆனது. அப்போது நம்மவர்கள் நாகப்பட்டினத்தில் படகு ஏறிக்கொண்டிருந்தார்கள். 1933 டிசம்பரில் இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை கடிதம் கொண்டுவந்தது. தோட்டத்துத் தொரைக்குக் கடிதம் வானில் வந்தது. தொழிலாளிக்குக் கடிதம் கப்பலிலேயே வந்தது.

1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸ் கம்பெனி தொடங்கிய முதல் விமானச் சேவையில் நம் ஈப்போவுக்கும் இடம் இருந்தது என்பது நமக்குப் பெருமை. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று அது பறந்தது. அந்தக் கம்பெனியின் வழியில் வந்ததே 1972இல் தனியாகப் பிரிந்த மலேசிய விமான நிறுவனம். 1965இல் சுபாங் விமான நிலையமும், 1998இல் சிப்பாங்கில் கே.எல்.ஐ.ஏ.வும் திறந்தன. ஆரம்பத்தில் விமானம் பணக்காரர் வாகனம். மலிவு விமானச் சேவைகள் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பம் அண்ணாந்து பார்ப்பதை விட்டு ஏறி உட்கார்ந்தது. 2008இல் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேராகப் பறக்கத் தொடங்கியது. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கே நேர் விமானம் விட்டது. ராஜுலா ஓடிய அதே இரு துறைமுக நகரங்கள், 39 ஆண்டுகள் கழித்து, இப்போது வானில் சேர்ந்திருக்கின்றன.

கடிகாரம் செய்யும் வித்தை

கோலாலம்பூரிலிருந்து திருச்சி நேர்வழியில் சுமார் 2,690 கிலோமீட்டர். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் போவதாக வைத்தால், மூன்றே கால் மணி நேரம். ஓடுபாதையில் ஊர்வதற்கும், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முக்கால் மணி சேர்த்தால் நாலு மணி நேரம். கப்பலுக்கு 105 மணி நேரம் ஆன கடலை, விமானம் ஒரு பிற்பகலில் தாண்டிவிடுகிறது.

டிக்கெட்டைப் பார்த்தால் மாணவர்கள் குழம்புவார்கள். காலை 9 மணிக்குக் கோலாலம்பூரில் ஏறினால், திருச்சிக் கடிகாரம் 10.30 காட்டும்போது இறங்குவீர்கள். ஒன்றரை மணி நேரம்தானா? அங்கே 11 மணிக்கு ஏறினால், இங்கே மாலை 5.30க்கு வருவீர்கள். ஆறரை மணி நேரமா? விமானம் ஏமாற்றவில்லை. நம் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. போகும்போது இரண்டரை மணி லாபம், வரும்போது அதே அளவு நஷ்டம். ஒன்றரையையும் ஆறரையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சரியாக நாலு வரும். 1982 ஜனவரி முதல் நாள் நம் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான்.

காற்றுக்கும் இன்னும் பங்கு உண்டு. தென்மேற்குப் பருவ மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். அப்போது ஊருக்குப் போகிற விமானத்துக்கு அது முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல. திரும்பி வருகிற விமானத்துக்குச் சற்றுத் தடை. கடாரத்துக்கு வந்த சோழன் காற்றைப் பார்த்தான். இன்றைய விமானியும் காற்றைப் பார்க்கிறார்.

ஆனால் ஈப்போக்காரருக்கு நாலு மணி என்பது முழுக்கணக்கல்ல. வீட்டிலிருந்து கே.எல்.ஐ.ஏ. போக மூன்று, நாலு மணி நேரம். அங்கே மூன்று மணி முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். இறங்கியபின் திருச்சியிலிருந்து கிராமத்துக்குப் பேருந்து. எல்லாம் சேர்த்தால் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஆகும். இருந்தாலும் காலையில் செய்தி வந்தால் மறுநாள் காலையில் போய்ச் சேரலாம். தாத்தாவுக்குக் கிடைக்காத பாக்கியம் இது.

இன்றைய தூரம் எது?

அப்படியானால் இப்போது தூரமே இல்லையா? இருக்கிறது. நாலு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். ஆனால் இறங்கி எந்த ஊருக்குப் போவது? "எங்க தாத்தா தஞ்சாவூர்ப் பக்கமாம்", "சேலம்னு சொல்லுவாங்க" என்பதோடு நம் பிள்ளைகளுக்குத் தகவல் நின்றுவிடுகிறது. கிராமத்தின் பெயர் தெரியாது. எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி – ஒன்றும் தெரியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். என்றாலும் பல தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறின. லயம் இடிந்தபோது அதோடு பல குடும்பங்களின் காகிதங்களும் போயின.

காகிதம் என்றால் இலேசாக எண்ணிவிடாதீர்கள். 1969இல் மக்களைக் கப்பல் ஏற்றியது ஒரு காகிதம் இல்லாத குறைதான். இன்றைக்கும் பிறப்புப் பத்திரம் சரியாக இல்லாமல், அடையாளக் கார்டு வாங்க அலையும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. தாத்தாவின் பழைய கடப்பிதழ், கப்பல் டிக்கெட்டுத் துண்டு, சிவப்புக் கார்டு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பாட்டியின் திருமணப் பத்திரம் – இவற்றில் எது எப்போது உதவும் என்று சொல்ல முடியாது. அந்த ட்ரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் திறந்து பாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளையின் பிறப்பைத் தாமதமில்லாமல் பதிவு செய்யுங்கள். பெயரின் எழுத்துகள் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் ஆசிரியரிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்? எந்த ஆண்டு, எந்தக் கப்பலில்? முதலில் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தார்? திரும்ப எப்போதாவது ஊருக்குப் போனாரா? பதிலை அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். திருத்தாதீர்கள். கடலையும் வானத்தையும் தாண்ட மனிதன் வழி கண்டுபிடித்துவிட்டான். கேட்காமல் விட்ட கேள்விக்குத்தான் பின்னால் எந்த விமானமும் போய்ச் சேராது. கேட்பதற்குப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!